தாமதி

ரெஜைனாவில் ஒரு தக்காளியை நடுத்தெருவில் வைத்தால்
வைத்த இடத்திலேயே இருக்கும்.
அவ்வளவு தட்டை.
அதனால்தான் எங்களுக்கு ஒரு பள்ளத்தாக்கு தேவைப்பட்டது.

நானும் நிமலரூபனும்
இரவு வேலை இல்லாத செவ்வாய்களில்
ஆல்பர்ட் தெரு வீட்டின் நிலவறையில்
ஹீட்டர் முனகும் பக்கமாக மேசையை இழுத்துப் போட்டு
பழைய காலண்டர் தாளின் முதுகில்
கோடு கிழிக்கத் தொடங்கினோம்.

வடக்கே முட்டுமலை,
அவன் தலை அலமாரியில் இடித்த நாளின் நினைவாக.
மேற்கே ஏழு குன்றுகள்; வரைந்தது ஆறு,
ஏழாவது எப்போதும் மேகத்துக்குள்.
நடுவே ஓர் ஆறு.
மைனஸ் முப்பதில், எட்டாம் எண் பஸ்
நாற்பது நிமிடம் வராத இரவில் அதற்குப் பெயர் கிடைத்தது:
தாமதி.
கோமதிக்குத் தங்கை, என்றான்.

தூரத்துக்கு என் கட்டைவிரல்தான் அளவு.
ஒரு விரல் நீளம், ஒரு நாள் நடை.
அவனுடையதின் நுனியை
மூஸ் ஜாவில் ஓர் இறைச்சி ஆலை வைத்துக்கொண்டுவிட்டது.
அவன் அளந்தால் எந்த ஊருக்கும்
அரை நாள் கூடிவிடும்.

வரலாறு பிறகு வந்தது.
நாங்கள் எழுதியதைவிடத் தானாய் நேர்ந்ததே அதிகம்.
டிம் ஹார்ட்டன்ஸ் கோப்பை வட்டமாய்க் கறை வைத்தது:
கடுங்காப்பி ஏரி.
அதன் கரையில் குடியேறியவர்களுக்கு உறக்கமில்லை;
நல்ல காவல்காரர்கள், மோசமான கவிகள்.
தாளை இரண்டாய் மடித்துப் பையில் வைத்ததில்
குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது.
மதில் என்றோம்.
கட்டியவன் அரைவேந்தன்,
பாதி நாட்டை மட்டும் ஆளச் சம்மதித்தவன்.
மறுபாதி யாருடையது என்று கேட்டவர்களிடம்
"ஆற்றைக் கேள், அதுதான் இரண்டு பக்கமும் போகிறது"
என்றானாம்.

ஒரு செவ்வாய் நான் போர் என்று எழுதினேன்.
வரலாறென்றால் ஒன்றாவது வேண்டாமா?
ஆண்டு, தளபதி, எரிந்த ஊர்களின் பட்டியல்,
எல்லாம் நேர்த்தியாய், பொடி எழுத்தில்.
ரூபன் ரப்பரை எடுத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒவ்வோர் ஊராய் அழித்தான்.
கடைசி ஊர் போன பின்னும் கை நிற்கவில்லை.
தாள் மெலிந்து, அடியில்
மேசையின் நிறம் தெரிந்தது.
நான் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அவனே பென்சிலைச் சீவி
அந்த இடத்தில் சின்னச் சின்ன நாணல்கள் வரைந்தான்.
சதுப்பு நிலம்.
பாரவண்டிகள் சுற்றிப் போகவும்.

மார்ச்சில் அவனுக்கு ஃபோர்ட் மக்மரியில் வேலை.
குக்கர் எனக்கு, கம்பளி அவனுக்கு.
பள்ளத்தாக்கை என்ன செய்வது?
மதிலோடு கிழித்தோம்.
மலை, குன்றுகள், ஏரி எல்லாம் என் பக்கம்.
கீழாறு அவனுக்கு. சதுப்பும்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

எட்டு மாதம் ஒரு தகவலுமில்லை.
சண்டையெல்லாம் இல்லை, ஷிஃப்ட்.
என் பாதியில் தாமதி ஓடி வந்து
கிழிந்த விளிம்பில் நிற்கும்.
அதற்கப்பால் உப்புக் குப்பி, கரண்டு பில்.

நேற்று அதிகாலை மூன்று மணிக்கு ஃபோன் ஒளிர்ந்தது.
"மேலே மழையா?
இங்கே ரெண்டு பாலம் போயிட்டுது.
நாணலுக்கு மேலால தண்ணி."

வெளியே பனி வழிக்கும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி
மட்டமான தெருவை இன்னும் மட்டமாக்கிப் போனது.

"நாலு நாளா" என்று பதில் போட்டேன்.
பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்து
விளக்கைப் போட்டு, பென்சிலைத் தேடி எடுத்து,
ஏழாவது குன்றை மூடிய மேகத்தை
கிழக்கே இழுக்கத் தொடங்கினேன்.