முன்னொட்டு

வெள்ளிக்கிழமை மதியம்
அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கீல்
என் திரைக்கு வந்து சேர்ந்தது.

அலமாரிக் கதவுக்கான கீல்.
நான்கு திருகுத் துளைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பேருந்து நுழையலாம்.
பீல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் நட்டுவைத்தால்
ஏரிக்கு அக்கரையிலிருந்தும் தெரியும்.

ரேட்டோ நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான்.
எவனோ அரைகுறை ஏற்றுமதி செய்திருக்கிறான் என்றான்,
பாதி ஜெர்மனில், பாதி பிரெஞ்சில்.
இந்த ஊரில் தெருப்பலகைக்கே இரண்டு வாய்.

படத்தை மூடிவிட்டுக்
கோப்பை எழுத்தாகத் திறந்தேன்.
ஸ்டெப் கோப்பு வெறும் எழுத்துதான்,
நோட்பேடு போதும்.
வரிக்கு வரி ஓர் எண்.
முகம், விளிம்பைக் கேள் என்கிறது.
விளிம்பு, முனையைக் கேள் என்கிறது.
முனை ஒரு புள்ளியைக் கைகாட்டுகிறது.
தாலுகா ஆபீஸில் மேசை மேசையாக அலைந்து
கடைசியில் புள்ளியிடம் போனால்
மூன்று எண்களைத் தருகிறது,
எதை வைத்து அளந்தது என்று அதற்கும் தெரியாது.

அலகைச் சொல்லும் வரி வெகு கீழே இருந்தது.
மீட்டர்.
அதற்கு முன்னால் மில்லி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு டாலர் குறி.

இங்கே டாலர் பணமல்ல,
'சொல்லப்படவில்லை' என்று பொருள்.
அதே வரியில் ஒரு நட்சத்திரமும் உண்டு:
'வேறிடத்திலிருந்து வருவித்துக்கொள்'.
முன்னொட்டைச் சொல்லாமல் விட்டால்
விதிப்படி அது வெறும் மீட்டர்.
கோப்பு பொய் சொல்லவில்லை.
எங்கள் நிரல் தப்பாகப் படிக்கவில்லை.
கீல் மட்டும்
அறுபது மீட்டர்.

ஊகித்துவிடு என்றான் ரேட்டோ.
பத்து மீட்டரைத் தாண்டினால் மில்லி என்று வை,
மூன்று வரி.

மூன்று வரிதான். எழுதியும்விட்டேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
பிறகுதான் தோன்றியது,
யாராவது ஒருநாள் நிஜமாகவே ஒரு பாலத்தை அனுப்புவார்கள்.
அது சீப்பளவுக்குச் சுருங்கி
ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல்
பச்சை விளக்கோடு போய்ச் சேரும்.

குடியிருப்பு அலுவலகக் கவுன்ட்டரில்
ஊகித்தவரும் நினைவுக்கு வந்தார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நல்ல மனிதர்தான்.
குடும்பப்பெயர்க் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.
ச. பூவிழி.
அந்த 'ச'வுக்குப் பின்னால் முழு ஆள் ஒருவர் இருக்கிறார்,
அவர் பெயரை எழுதத் தேவையில்லை, வருவித்துக்கொள்ளலாம்
என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன்.
தலையசைத்தார். நிரப்பினார்.

அன்றிலிருந்து மின்கட்டணம் ஃப்ராவ் சடையப்பனுக்கு வருகிறது.
பல் டாக்டரின் கடிதம் மதாம் சடையப்பனுக்கு.
சடையப்பன் என் அப்பா, முழு வழுக்கை,
சாத்தூரில் லாரி ஷெட் வைத்திருக்கிறார்.
ஆறு மாதத்துக்கொருமுறை
பல் சுத்தம் செய்ய வரச்சொல்கிறார்கள் அவரை.

மூன்று வரியையும் அழித்தேன்.
அந்த இடத்தில் ஒரு கேள்விப் பெட்டி:
'இந்தக் கோப்பு முன்னொட்டைச் சொல்லவில்லை.
உங்கள் பொருள் எவ்வளவு பெரியது?'
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.

எவனும் படிக்கமாட்டான், ஓகேதான் அழுத்துவான்
என்றான் ரேட்டோ கோட்டை மாட்டியபடி.
அவன் சொல்வது சரிதான்.

போகுமுன் கீலை இன்னொரு முறை திறந்தேன்.
ஓரத்துக்கு அருகே, இன்னும் அருகே போனேன்.
கோப்பின் தலைப்பில், வரைந்தவர் பெயருக்கான இடத்தில்
இரண்டு மேற்கோள் குறி, நடுவே ஒன்றுமில்லை.
அந்த யாரோ,
கதவு திறப்பவர் விரல் கிழியாதிருக்க
விளிம்பு முழுதும் சுற்றிவந்து
அரை மில்லிமீட்டர் மழுக்கியிருக்கிறார்.

கோப்பின்படி,
அரை மீட்டர்.