தண்ணி நண்டு

போன தை வரைக்கும்
வீட்டுப் போனை நான் எடுத்தால்
"பாப்பா, அப்பாகிட்ட குடும்மா" என்பார்கள்.
பிரிஸ்கா அதைச் சொல்லிச் சொல்லியே
ஒரு பிடி சோறு கூடச் சாப்பிடுவாள்.

தவக்காலத்தில் தொண்டைக்குள் ஏதோ கழன்றது.
காரங்காட்டுக் கோயிலில் சிலுவைப்பாதை வாசிக்கிறேன்.
ஏழாம் நிலை:
ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிறார்.
கூடவே என் குரலும் விழுந்தது.
பின்வரிசையில் நிக்சனும் கூட்டாளிகளும்
தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள்.
ஜெபம் என்று நினைத்திருப்பார் சாமியார்.

அதற்கப்புறம் எதுவும் சொல்லிக்கொண்டு வரவில்லை.
ஜூனில் எடுத்த கால்சட்டை
ஆவணியில் கணுக்காலை விட்டு மேலே ஏறியது.
ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்,
நங்கூரம் போட்ட வள்ளம்
கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பது மாதிரி.
நெற்றியில் பரு. சட்டையில் எனக்கே பழகாத வாடை.
காலையில் பழையது மூன்று தட்டு,
பதினொரு மணிக்கு மறுபடி பசி.
பிரிஸ்கா என் பென்சிலை எடுத்தாள் என்பதற்காகக்
கதவை அறைந்துவிட்டு
அலையாத்திக்காட்டு ஓரம் போய் உட்கார்ந்து
எதற்கென்று தெரியாமல் அழுதேன்.
சேற்றிலிருந்து வேர்கள்
மூச்சுக்காக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன.
யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்
நண்டு பிடிக்கிறேன் என்றிருப்பேன்.

புரட்டாசியில் ஒரு காலை. அப்பா கடலுக்குள்.
போன் அடித்தது. "அலோ" என்றேன்.
"சந்தியாகு அண்ணே!"
தொண்டி நண்டுக் கம்பெனி, சீனி இபுராகிம் பாய்.

திருத்தியிருக்கலாம்.
"ம்" என்றேன்.
அந்த "ம்"முக்குள்
மீசை இருந்தது, மடித்துக் கட்டிய கைலி இருந்தது,
கடன் கேட்டு வருகிறவனை
வாசலிலேயே நிறுத்தும் கை இருந்தது.

"இந்த வாரம் கிலோ முந்நூத்தி எண்பதுதான் அண்ணே. சரியா?"

அப்பா என்றால்
ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் பேசமாட்டார்.
அப்புறம் சண்டை. அப்புறம் சிரிப்பு.
நானூற்று இருபதில் முடியும்.
நீளமாகப் பேசினால் குரல் உடையுமே என்று
நான் "சரி" என்றேன்.
ஒரே சொல்.
கிலோவுக்கு நாற்பது ரூபாய்.

மத்தியானம் வள்ளம் வந்தது.
நிழலில் வலையை விரித்து
அம்மாவும் நானும் நண்டு கழற்றினோம்.
என் கையில் ஒன்று, பெரியது, நீலக்கால்,
ஓடு புதுத்தட்டு மாதிரிப் பளபளத்தது.
அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்தேன். அமுங்கியது.
தண்ணி நண்டு.
போன வாரம்தான் ஓடு மாற்றியிருக்கும்.
ஆள் பெரிசு, உள்ளே உப்புத் தண்ணி.
கம்பெனி எடுக்காது.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
எனக்குக் காது சுட்டது.

போனை எடுத்துக்கொண்டு
ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போனேன்.
"பாய், காலைல பேசுனது அப்பா இல்ல."
பயந்தபடியே குரல் பிரிந்தது,
பாதி கீச்சு, பாதி கரகரப்பு.
நிறுத்தாமல் சொன்னேன்:
"நான் அவர் மகன். ரெக்சன்."

அந்தப் பக்கம் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
"எந்த ரெக்சன்?
போன்ல பாப்பான்னு கூப்பிடுவோமே, அவனா?"
"அவன்தான்."
சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.
நானூறு என்றார்.
மிச்ச இருபது போனது போனதுதான்.
அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்ப்பார்,
அதற்குள் சொல்லிவிடுவேன்.
சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நண்டை எடுத்துப் போய்
முழங்கால் தண்ணீரில் விட்டேன்.
ஓடவில்லை. மண்ணைக் கிளறி
கண் இரண்டை மட்டும் வெளியே வைத்துப்
புதைந்துகொண்டது.

இப்போதெல்லாம் போன் அடித்தால்
பிரிஸ்கா முந்திக்கொள்கிறாள்.
"பாப்பாவா?" என்று கேட்கிறார்களாம்.
"நெசப் பாப்பா" என்கிறாள்.
"அண்ணனைக் கூப்பிடட்டுமா?"