ஆலை ஓடினபடி

வடக்குச் சன்னல் எனக்கு.
வெயில் நேராக விழாத வெளிச்சத்தில்தான்
துணி பொய் சொல்லாது.
ஃபால் ரிவர், மூன்றாம் ஆலை, சோதனை அறை.
பதினோரு வருஷமாக
என் விரலுக்கடியில் ஓடியது எத்தனை மைலோ,
யாரும் அதற்குக் கணக்கு வைக்கவில்லை.

குற்றம் கண்டால் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல்.
ஊடை விட்ட இடம், பாவு அறுந்த இடம்,
எண்ணெய்ப் பொட்டு;
ஒருதரம் நீளமாய் ஒரு தலைமயிர்,
நூலோடு நூலாக நெய்தே போயிருந்தது.
முதல் தரம், இரண்டாம் தரம், துண்டு.
மூன்று அடுக்கு, மூன்று விலை.

நெய்தவர் பெயர் சீட்டில் இருக்கும்.
நான் சீட்டைப் பார்ப்பதில்லை.
திங்கட்கிழமைத் துணியில் கரை இறுகியிருந்தால் தெயோலிந்தா
(ஞாயிறு முழுக்க அவள் புருஷன் வீட்டில் இருப்பான்).
சாணுக்கொரு தளர்ச்சி தெரிந்தால்
எஃப்ரெம் இருமுகிறான்.
இருமல் நின்ற வாரம்
துணி அழகாக வந்தது.
தறியில் வேறு ஆள்.

தொள்ளாயிரத்து ஏழில் விலை விழுந்தது.
பாஸ்டனிலிருந்து ஒரு தரகர் வந்தார், நனைந்த குடையோடு.
'தரம் பிரிக்க வேண்டாம்,
ஆலை ஓடினபடியே மூட்டை கட்டுங்கள்,
கெஜத்துக்கு அரை சென்ட் குறைத்து.'
குமாஸ்தா தர்ஸ்டன் எச்சில் தொட்டு
பென்சிலால் எழுதினான்:
ரன் ஆஃப் தி மில்.
பட்டுப்போல் வந்ததும் பல் இளித்ததும்
ஒரே கயிற்றில்.
பார்க்க ஒன்றுமில்லை என்றான பிறகு
பார்ப்பவள் எதற்கு?
நூல்கண்டை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
கீழே, நூல் சுற்றும் அறைக்குப் போனேன்.
வாரக்கூலியில் ஒரு டாலர் கம்மி.

அந்தச் சொல்லோ
ஆலைக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.
துணியை விட்டு முதலில் வேறெதற்கு அதைச் சொன்னார்கள்,
யார் சொன்னார்கள், தெரியாது.
நான் கேட்டது கசாப்புக்கடையில், தொடைக்கறிக்கு.
அப்புறம் புதுப் பாதிரியாரின் பிரசங்கத்துக்கு
(அது நியாயம்தான்).
அப்புறம் என் மகளுக்கு.

பாட்டு சொல்லித்தரும் மிஸ் பெல்நாப்
பியானோவை மூடியபடியே சொன்னாள்:
அல்ஃபோன்சின் குரல் மோசமில்லை,
ஆனால் ரன் ஆஃப் தி மில்.
பத்தோடு பதினொன்று என்று அர்த்தமாம்.

எனக்கு வீட்டில் பிரெஞ்சு, ஆலையில் சைகை;
இருந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சொன்னேன்:
அம்மணி, அர்த்தம் அது இல்லை.
எது பத்து, எது பதினொன்று என்று
இன்னும் யாரும் விரித்துப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான் அர்த்தம்.
சீட்டு எழுதின அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சன்னலில் வெள்ளைத் திரை, மலிவானது.
கை தானாகப் போயிற்று.
கரை இறுகியிருந்தது.
திங்கட்கிழமை.
பையில் சிவப்பு நூல் இருந்தது;
எடுக்கவில்லை.
'என்னம்மா தேடுறே,' என்று அல்ஃபோன்சின்
என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்,
வெட்கத்தோடு.