பக்கத் தகடு

எங்கள் தீவில் பாம்பு கிடையாது.
படத்தில் பார்த்ததோடு சரி.
இருந்தும் யாரோ ஒருவர்
கடலடிச் சேற்றில் ஐந்து கை நெளியக் கண்டு
பாம்பு நட்சத்திரம் என்று வைத்துவிட்டார்.

மீன் கம்பெனி மூடிய பிறகு
காட் மீனைக் கூறுபோட்ட அதே ஏழு பெண்கள்
அதே கொட்டகையில் சேறு அரிக்கிறோம்.
புழு ஒரு பக்கம், சிப்பி ஒரு பக்கம்,
ஐந்து கை உள்ளதெல்லாம் தோர்காட்லாவின் மேசைக்கு.
ஐந்து என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.
இடுக்கி பட்டாலே உதிரும்.
வட்டு தனி, கை தனி,
எது எவருடைய கை என்று
ஊறும் சாராயத்துக்கும் தெரியாது.

முன்பெல்லாம் வாயைப் பார்த்தே
குடும்பம் பிரித்தார்களாம்,
குதிரை வாங்க வந்தவர்களைப்போல.

தோர்காட்லா வாயோடு நிற்பதில்லை.
உதிர்ந்த கையில் ஒரு கணுவை எடுத்து
துணி வெளுக்கும் திரவம் ஒரு சொட்டு விடுகிறாள்.
சதை நுரைத்துப் போகிறது.
எஞ்சுவது பக்கத் தகடு,
உப்புக்கல்லில் பாதி.
அதில் முள் குந்தியிருந்த குழி
காதுமடலாய் வளைந்திருக்கிறதா,
இரண்டு காற்புள்ளிபோல எதிரெதிரே நிற்கிறதா,
அதுதான் சொல்லும்
பங்காளி யார் என்று.

மார்ச்சில் ஒரு வியாழன்
(முப்பது மணி நேரமாய்ப் பனிக்காற்று,
ஒரு படகும் போகவில்லை)
நுண்ணோக்கியிலிருந்து தலை எடுக்காமல் சொன்னாள்:
"இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை."

நானூற்றுப் பத்து ஜாடி.
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
அதன்மேல் ஒட்டவும் கூடாது.
பக்கத்தில் புதுச்சீட்டை நுழைக்க வேண்டும்,
பென்சிலில். பேனா மை கரைந்துவிடும்.
இப்போது ஜாடிக்கு இரண்டு உண்மை,
தேதி போட்டு.

எங்களில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று
வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
பிராண்டுரின் மகள். அவ்வளவுதான் அவள்.
தூண்டில்படகில் போன அந்தப் பிராண்டுர்
வேறொரு துறைமுகத்தில்
வேறொரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது
ஊருக்கே தெரியும்.

ஏப்ரலில் ஒரு படிவத்தோடு வந்தாள்.
தந்தை பெயரிலிருந்து தாய் பெயருக்கு.
இனி சோல்வெய்கின் மகள்.
எழுத எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள்.
பழக்கத்தில் பென்சிலை நீட்டினேன்.
"இதை யாரும் சாராயத்தில் போடப்போவதில்லை"
என்று பேனா தேடினாள்.

கட்டுரையில் எந்தப் பெயர் வரும் என்றேன்.
"பழையதும் கிடக்கட்டும், பக்கத்தில்."

மேசையில் மிஞ்சிய கைகளைக் கூட்டி
'எவருடையதோ' என்று எழுதிய ஜாடியில் போட்டேன்.
சீட்டு மாற்ற வேண்டாத ஒரே ஜாடி.
மூடி இறுகவில்லை,
அவ்வளவு நிறைந்துவிட்டது.