அங்குலத்துக்கு ஒன்பது புரி

எடை போட்டுத்தான் வாங்கினேன்.
நானூற்றுப் பத்துக் கிலோ, துருவும் சேர்த்து.
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பட்டறையைக் காலி செய்தபோது
இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
மல்லாந்தபடியே பார்த்துக்கொண்டு
டெம்போவில் இறங்கி வந்தது.

செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் வண்டி நுழையாது.
கடைசி நாற்பதடி குழாய்களின் மேல் உருட்டினோம்.
கொலுசுப் பட்டறைக்காரர்கள் குறடும் கையுமாக வெளியே வந்து
யார் வீட்டுச் சாவு என்பதுபோல் நின்றார்கள்.

இல்லாதவை:
வால்பக்கத்துச் சக்கரம்.
உளியைச் சாய்க்கும் தாங்கி.
ஸ்பிண்டிலின் பின் புஷ்.
இருந்தது ஒரு மோட்டார், உள்ளே பல்லி முட்டை.

பெயர்த் தகட்டில் ‘அண்டு சன்ஸ்’ மட்டும் மிச்சம்.
மகன்களைத் தேடினேன்.
பழைய ரசீதில் இருந்த எண்ணுக்கு அடித்தால்
கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி எடுத்தது.
“எந்தப் பல்லுங்க வலிக்குது?”
பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, புஷ்தான் இல்லை என்றேன்.
வைத்துவிட்டாள்.

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறி
முகத்தகடு கழன்றது.
ஸ்பிண்டில் மூக்கில் பிட்ச் கேஜை வைத்தேன்.
எட்டு ஆடியது. பத்து உட்காரவில்லை.
ஒன்பது.
கடையில் விற்கிற எந்தச் சக்கும் இதில் ஏறாது.
“ஸ்பிண்டிலையே மாத்திடலாங்க்கா, மெட்ரிக்குல,”
என்றான் அஞ்சு ரோட்டு கிருபாகரன்.
ஸ்பிண்டிலை மாற்றினால் தலையை மாற்றணும்,
தலையை மாற்றினால் படுக்கையை.
அப்புறம் நான் காசு கொடுத்தது
துருவுக்கா?

குகையில் ஹயாத் பாஷா
உடைந்த வால்வுகளைக் கொட்டிக் காட்டினார்.
கன்மெட்டல், அசல். புஷ்ஷுக்கு ஆச்சு.
சக்கரத்துக்குத்தான் ஃபவுண்டரி போகணும்.
சூரமங்கலத்தில் சவரிமுத்து, மணல் ஒட்டிய புருவத்தோடு,
“மாதிரி கொண்டாங்க, மரத்துல. ரெண்டையும் ஒண்ணா ஊத்திரலாம்.
நூத்துக்கு ஒண்ணு கூட வைங்க, இரும்பு ஆறுனா சுருங்கும்.”
வட்டமா மரம் கடைய மெஷின் வேணுமே?
“ஆமா, வேணும்.”
அந்த மெஷினுக்குத்தாங்க இந்தச் சக்கரம்.
நான் சிரித்தேன்.
அவருக்குச் சிரிக்க நேரமில்லை, உலை காய்ந்துகொண்டிருந்தது.

புளியங்கட்டையில் ஒரு புஷ் குடைந்தேன்.
பழைய இட்லிப் பானையில்
விளக்கெண்ணெய் ஊற்றிக் கொதிக்கவைத்தேன்.
வீடே பிரசவ அறைபோல் நாறியது.
தாங்கிக்கு ஒரு ஆங்கிள் துண்டு, இரண்டு கிளாம்பு.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்கு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தான்.
எட்டேகாலுக்குச் சுவிட்சைப் போட்டேன்.

நாலு நிமிஷம் ஓடும், புகையும்.
நிறுத்தி எண்ணெய் விட்டு, ஆறவிட்டு,
மறுபடி நாலு நிமிஷம்.
தேக்கு வட்டம் மெல்ல வட்டமானது.
எட்டு ஐம்பதுக்குப் புஷ் கிறீச்சிட்டதில் கை பதறி
உளி வழுக்கியது. விளிம்பில் ஒரு கீறல்.
சரிசெய்ய நேரமில்லை.
கடைசி வளைவில் இருக்கும்போது
தெருவே ஒரேயடியாக அமைதியானது.
எல்லாப் பட்டறை ஃபேனும் நின்றது.
என் சக்கரம் மட்டும்
தன் எடையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க
அந்தச் சுற்றிலேயே முடித்தேன்.
கடைசிச் சுருள் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது.

பத்து நாளில் இரும்பாக வந்தது.
மணல் எதையும் விட்டுவைப்பதில்லை.
தேக்கின் ரேகை தெரிகிறது,
கீறலும் தெரிகிறது.
திருகும்போது கட்டைவிரல்
நேராக அங்கே போய் உட்கார்கிறது.

கிருபாகரன் வந்து தடவிப் பார்த்தான்.
“இங்க ஒரு பிசிறு. ராவி விட்டுடவாக்கா?”
வேண்டாம் என்றேன்.
பையிலிருந்து அதற்குள் அரத்தை எடுத்திருந்தான்.
அதற்குப் பிடி இல்லை. வாலில்
அழுக்குத் துணி சுற்றியிருந்தது.

“அதை இங்க வெச்சுட்டுப் போ” என்றேன்.