முறைத் தண்ணீர்

சித்திரை பிறந்து பத்தொன்பது நாள்.
கவுஞ்சியில் ஓடை சுண்டிச் சுண்டி
ஒரு கைத்தடிமன் ஆகிவிட்டது.
அதைத்தான் பதினாலு வீட்டுக்குப் பங்கு வைத்து
பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்:
செவ்வாய் இரவு பதினொன்று முதல் மூன்று வரை,
தவமணி, க/பெ போதுராசு.

க/பெ போதுராசு
கொடைக்கானலில் யாருடைய ஜீப்பையோ ஓட்டுகிறார்.
சீசன் முடியாமல் வரமாட்டார்.
பரணில் காயும் பூண்டு, பறவை கொத்தும் பிளம்ஸ் மரம்,
இரண்டு ஆடு, ஒரு மகள், நாலு படி நிலம்,
எல்லாம் என் வகையில்தான்.

கேரட் மூன்று படி, பீன்ஸ் ஒன்று.
கீழ்ப்படியில் இலை நுனி
நேற்றே டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது.
விரலைச் செருகிப் பார்த்தேன்.
இரண்டாம் கணு வரை புழுதி.

கயலரசிக்கு லீவு. நானும் வருவேன் என்றாள்.
குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு
மடைக்கு மேலே பாறையில் உட்காரவைத்தேன்.
கோடை என்று பெயர்தான் எங்களுக்கு.
பகலில் முதுகு உரியும்,
ராத்திரி பல் தந்தியடிக்கும்.

பத்தே முக்காலுக்கு எல்லாம் தயார்.
மண்வெட்டி, சாக்கு,
கிழிந்த லுங்கியைச் சுருட்டிய அடைப்பு.
மடையில்
இருட்டைவிடக் கருப்பாக ஒன்று நின்றது.
டார்ச் அடித்தேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைபோல
நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ்.
பின்னால் கன்று.

அணைம்மா, என்றாள் மகள்.
அணைத்தேன்.
கன்றோடு நிற்கும் காட்டுமாட்டிடம்
சுவரில் ஒட்டிய தாளைக் காட்ட முடியாது.

அது குடித்தது.
குடித்துவிட்டு யோசித்தது.
யோசித்துவிட்டு மறுபடி குடித்தது.
பதினொன்று. பதினொன்று பத்து.
எஸ்தாக்கியின் உருளைக்கிழங்குக்கு
என் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.
அதன் சலசலப்பில் நான்
விதைக் கடனைக் கேட்டேன், உரக் கடனைக் கேட்டேன்,
ஓஸ் பைப்புக்காக அடகில் கிடக்கும் தோட்டைக் கேட்டேன்.
கயலரசி கன்றின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாளாம்.
முந்நூறில் தூக்கம் வந்ததாம்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு
வாலை ஒரு வீசு வீசி
வாட்டில் மரங்களுக்குள் போனது.
மடை திறந்தேன்.
வறண்ட பாத்தி உறிஞ்சுவதும்
அதே சத்தம்தான்.

மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே
ஞானப்பூ மண்வெட்டியோடு வந்து நின்றாள்.
சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.
"எஸ்தாக்கிகிட்டப் போய்க் கேளு,
அவன் காட்டுலதான பாஞ்சது" என்றாள்.
நியாயம்தான்.
அவள் பீன்ஸும் குச்சியிலேயே சுருண்டு கிடக்கிறது.
மூன்றுக்கு அடைத்தாள்.
அடைக்க என் லுங்கியையே வாங்கிக்கொண்டாள்.

கீழ்ப்படியில் கடைசி நாலு பாத்தி
நனையவில்லை.

விடிந்ததும் போன்.
வெள்ளி அருவிகிட்ட ரெண்டு மணி நேரமா
வண்டி நகரல, என்றார்.
மெட்ராஸ் பார்ட்டி. காட்டுமாடு காட்டினா
ஐநூறு தாரோம்ங்கிறாங்க.
மூணு நாளாச் சுத்துறேன்,
ஒரு கொம்புகூடக் கண்ணுல படல.

நாற்பத்திரண்டு நிமிஷம், என்றேன்.
என்னது, என்றார்.
அதற்குள் சிக்னல் போய்விட்டது.

மடைச் சேற்றில் குளம்படிகள்,
பெரிதும் சின்னதுமாக.
பெரியதொன்றில் தேங்கிய தண்ணீரில்
கொண்டைக்குருவி ஒன்று தலைமுழுகிக்கொண்டிருந்தது.
மொண்டு ஊற்றப் பெயின்ட் வாளியோடு வந்த மகள்
அது குளித்து முடிக்கட்டும் என்று நின்றாள்.
அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை.
அடுத்த செவ்வாய்க்கு ஆறு நாள் இருக்கிறது.
கீழ்ப்படிக்கு
வெயில் இறங்கத் தொடங்கியது.