நூறு கட்டம்

பத்திரிகையில் அவன் பேர் டேவ் முத்து.
எங்கள் பேரேட்டில்
தவசிமுத்து, பையன், வாரச் சம்பளம் பன்னிரண்டு.
கீழமாரட் வீதி வெங்காயக் கடைகளில்
அப்பா விட்ட தண்டலை
சைக்கிளில் போய் வசூலித்தவன்.

கையில் எண்ணூற்றைம்பது, அட்டையில் ஆயிரம்,
நாளுக்குப் பத்து, நூறு கட்டம்.
இதற்கு மேல் அவனுக்கு யாரும்
பொருளாதாரம் கற்றுத்தரவில்லை என்பது என் கட்சி.
சிகாகோவில் கற்றான் என்கிறது பத்திரிகை.

எண்பத்தொன்றில் விமானம் ஏறினான்.
பெட்ரோல் பங்கில் இரவு வேலை, மாலைக் கல்லூரி,
ஒரு பனிக்காலத்தில் இடது காது மரத்தேபோனது
(அதற்கு மட்டும் அரைப் பக்கம்).
நாற்பது வயதில் முதல் கம்பெனி,
பாட்டில் மூடி செய்வது.
கடன் வாங்கி அதை வாங்கினானாம்.
வாங்கிய கடனை
அந்தக் கம்பெனி தலையிலேயே எழுதினானாம்.
இரண்டு தடவை படித்தேன்.
கடன் வாங்கித் தாலி கட்டி
கட்டியவள் காதுத் தோட்டை வைத்து
பந்தல்காரனுக்குக் கொடுக்கிற ஆளை
எங்கள் தெருவில் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவோம்.
பேட்டி எடுத்தவர் மேதை என்கிறார்.

மூடிக்கப்புறம் பல் ஆஸ்பத்திரிகள்,
ஆம்புலன்ஸ், நாற்பத்தொரு முதியோர் இல்லங்கள்,
பிறகு ஈமச்சடங்கு நிலையங்கள்.
வரிசை தப்பாமல் வாங்கியிருக்கிறான்.

போன ஆடியில் நாங்கள்.
கே.கே. நகர் கருணாம்பிகை, நூற்றிருபது படுக்கை,
இருபத்தாறு வருஷமாக பில்லிங்கில் நான்.
ஆறு பையன்கள் லேப்டாப்புடன் வந்து
மீட்டிங் ரூமை எடுத்துக்கொண்டார்கள்.
ஒரு டயாலிசிஸுக்கு எத்தனை பஞ்சு என்றான் ஒருத்தன்.
எண்ணிச் சொன்னேன்.
தீபாவளிக்குள் கட்டடம் ஒரு கம்பெனி,
கட்டடத்துக்குள் இருக்கிற நாங்கள் ஒரு கம்பெனி.
நேற்றுவரை சொந்தமாயிருந்த சுவருக்கு
மாசம் நாற்பத்திரண்டு லட்சம் வாடகை.
வவுச்சரில் என் கையெழுத்து.

மார்கழியில் அவனே வந்தான்.
இருபது நிமிஷம். நல்ல பல் வரிசை.
எத்தனை வருஷமாக இங்கே என்று இங்கிலீஷில் கேட்டான்,
நான் தமிழில் சொன்னேன், தலையாட்டினான்.
அந்நேரம் கவுண்டரில்
உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர்
சம்சாரத்தின் டயாலிசிஸுக்குப் பத்து ரூபாய்த் தாளாக
எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
டேவ் முத்து நின்றான்.
அவன் வலது கட்டைவிரல்
ஆள்காட்டி விரல் மேல் நகர்ந்தது,
நகர்ந்து நகர்ந்து
அவர் எண்ணி முடிக்கும்வரை.
தவசிமுத்துவை நான் பார்த்தது அவ்வளவுதான்.
பிறகு மேனேஜரிடம் கேட்டான்,
ஒரு ஆளுக்கு இப்படி எத்தனை நிமிஷம் வீணாகிறது?

என் கைப்பையில் ஒரு அட்டை இருந்தது.
அவன் பாஸ்போர்ட்டுக்கும் ஸ்வெட்டருக்கும்
அப்பா கொடுத்த எண்ணூற்றைம்பது.
எண்பத்துமூன்று கட்டத்தில் பேனாக் கீறல்,
பதினேழு வெள்ளை.
காலையில் எதற்கு எடுத்துவைத்தேன், தெரியாது.
ஜிப்பில் கைவைத்தேன்,
அப்பா தொழில் ஞாபகம் வந்தது:
ஓடிப்போனவன் திரும்பி வந்தால் கேட்காதே.
பழசை முடித்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்து புதுசு கேட்பான்.

லிஃப்ட் மூடியது.

தை பிறந்ததும் கவுண்டருக்கு
நோட்டு எண்ணும் மெஷின் வந்தது,
இரண்டு பேருக்கு வேலை போனது.
உசிலம்பட்டிக்காரர்
கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு
மெஷினைப் பார்த்தபடி நிற்கிறார்.
ஐந்நூறு சரசரவென்று ஓடுகிறது.
அவருடைய பத்துகளை அது
கசங்கியதென்றும் கிழிந்ததென்றும்
திருப்பித் திருப்பித் துப்புகிறது.
பொறுக்கியெடுத்து
நான்தான் எண்ணுகிறேன்,
எச்சில் தொட்டு.